கணக்கில் இல்லாத வாய்

நாற்பத்தாறு வயதில் ஒருத்தி தோளில் பையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினால் பாளையங்கோட்டை சும்மா இருக்குமா? "புருசனோட சண்டையாம்" என்றது மேலத்தெரு. "சமையலை மெஷின் பாத்துக்கிடுது, பொழுது போகாண்டாமா" என்றது கீழத்தெரு. இரண்டும் இல்லை. தங்கபுஷ்பம் படிக்கப் போனது ஒரே காரணத்துக்காக: கனகவேல் அண்ணாச்சியைப் பழிவாங்க. அறிவுக்காகப் படிக்கிறவர்களைவிட ஆத்திரத்துக்காகப் படிக்கிறவர்கள் வகுப்புக்கு ஒழுங்காக வருவார்கள். அவள் ஒருநாள்கூட மட்டம் போடவில்லை.

பாடத்தின் பெயர் 'வணிகத்தில் தகவல் தொழில்நுட்பம்'. ஆறு மாதப் படிப்பு, சனி ஞாயிறு வகுப்பு.

அண்ணாச்சியின் 'வாகை விருந்து' நிறுவனத்தில் அவள் பதினான்கு வருஷம் பந்தி மேற்பார்வை பார்த்தவள். எந்தப் பந்திக்கு எத்தனை இலை, எப்போது அடுத்த உலை, எந்த வரிசையில் வாயாடிப் பெரியப்பாவை உட்காரவைக்கக் கூடாது என்பதெல்லாம் அவள் சொல்படிதான். அந்தக் காலத்தில் கல்யாண வீட்டார் எண்ணூறு பேர் என்பார்கள், சமையல்காரர் ஆயிரத்துக்கு வடிப்பார், வந்து நிற்பது ஆயிரத்து இருநூறாக இருக்கும். அல்லது மழை பெய்து நானூறு பேர் வந்து, சாம்பாரை அண்டா அண்டாவாகச் சாக்கடையில் ஊற்றுவார்கள்.

அப்புறம் 'இலையறி' வந்தது.

இலையறி என்பது அண்ணாச்சி வாங்கிப் போட்ட மெஷின். யார் வருவார், எந்தப் பந்தியில் உட்காருவார், யார் சர்க்கரை வியாதி என்று பாயசத்தை ஒதுக்குவார், யார் ஒதுக்குவதுபோல் ஒதுக்கி இரண்டு தம்ளர் குடிப்பார், எல்லாம் அதற்குத் தெரியும். போன் பேச்சு, பஸ் டிக்கெட், ரத்தப் பரிசோதனை என்று ஊரே ஏதோ ஒரு தள்ளுபடிக்கு ஆசைப்பட்டுக் கட்டைவிரலை வைத்து அனுமதி கொடுத்திருந்தது. கல்யாண வீட்டு மூத்த மருமகன் எதற்காக முறுக்கிக்கொண்டு நிற்கிறான் என்பதுகூட அதற்கு அத்துப்படி. வம்பு பேசியே வயிறு வளர்த்தவர்களெல்லாம் அதற்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான். மையச் சமையல்கூடத்தில் இலைக்கு ஒரு பங்கு என்று அளந்து, காலையிலேயே வண்டியில் மண்டபத்துக்கு அனுப்பிவிடும். இலைகூட எண்ணித்தான் வரும். விருந்து முடிந்ததும் சுவரில் ஒரு பெரிய பலகை பச்சையாக ஒளிரும்: மிச்சம், பூஜ்யம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி முகூர்த்தம். இலையறி எழுநூற்று நாற்பது இலை என்றது. தங்கபுஷ்பம் வானத்தைப் பார்த்தாள். எதிரே பஸ் நிறுத்தம், அதற்குக் கூரை கிடையாது. மழை வந்தால் நிற்கிற கூட்டம் மண்டபத்துக்குள்தான் ஒதுங்கும். ஒதுங்கியவர்களைச் சாப்பிடாமல் அனுப்பினால் கல்யாணம் விளங்குமா? இன்னும் அறுபது இலைக்குச் சொல்லிவிட்டாள். மழையும் வந்தது, கூட்டமும் வந்தது. கட்டட வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள், பூக்காரிகள், நனைந்த புத்தகப் பையோடு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அத்தனை பேரையும் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தாள். ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

பலகையில் மட்டும் சிவப்பாக எரிந்தது: மிச்சம், அறுபது.

அண்ணாச்சி வந்தார். "யாருக்குப் போட்ட?"

"மழையில நின்னவங்களுக்கு."

"அவுக கணக்குல இருக்காவளா?"

"பசியில இருந்தாவ அண்ணாச்சி."

"கணக்குல இல்லாத வாய் தின்னா, அது கொட்டுனதுக்குச் சமம்" என்றார் அவர். பிறகு ஒரு காலி வாளியை அவள் கையில் கொடுத்து, சமையல்காரர்கள் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார். அன்றோடு வேலை போயிற்று.

வேலை போனதைக்கூட அவள் விழுங்கிக்கொண்டாள். இரண்டு வருஷம் கழித்து அடுத்த வீட்டுப் பெண் ஒரு பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அத்தை, இது நீங்கதான?" மூன்றாம் பாடம். தலைப்பு: 'மனித ஊகத்தால் நேரும் வீண்: ஒரு நேரடி ஆய்வு'. கீழே வாளியும் கையுமாக அவள். கண்களுக்குக் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். மூக்கிலிருந்த எட்டுக்கல் பேசரிக்குப் போடவில்லை. பாளையங்கோட்டையில் அந்தப் பேசரியைத் தெரியாதவர் யார்?

மறுநாளே கல்லூரியில் பணத்தைக் கட்டினாள். அவள் புருஷன் தவசிமுத்து, "அந்தப் பாடத்தைப் படிச்சு என்னட்டி செய்யப் போற?" என்று கேட்டான்.

"அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்கும் தெரியணும். அப்புறம் இருக்கு" என்றாள்.

பாடம் நடத்தியது ஹெலன் மிஸ். வயது இருபத்தேழு. அவள் மாணவியை அக்கா என்பாள், மாணவி அவளை மிஸ் என்பாள். மூன்றாம் பாடம் நடந்த அன்று வகுப்பே புத்தகத்தைப் பார்த்தது, பிறகு திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது.

தங்கபுஷ்பம் எழுந்தாள். "மிஸ், இதுல அறுபது இலை வீணாப் போச்சுன்னு போட்டிருக்கு. தின்னவங்க ஒவ்வொருத்தரும் என்ன கேட்டு வாங்குனாங்கன்னு சொல்லட்டுமா?"

ஹெலன் மிஸ் சங்கடமாகச் சிரித்தாள். "தின்னாங்கதான் அக்கா. ஆனா ஒவ்வொரு இலைக்கு நேராவும் ஒரு பேர் இருக்கணும். பேர் இல்லைன்னா சிஸ்டம் அதை வீண்னுதான் எழுதும். அதுல மிச்சத்துக்குக் கட்டம் இருக்கு. பசிக்குக் கட்டம் இல்லை."

"அப்போ அதுக்குத் தெரியாததுன்னு ஒண்ணுமே கிடையாதா?"

"இருக்கே. உள்ள போகாத தகவல். கம்பெனியைப் பொறுத்தவரைக்கும் அது உலகத்துலயே இல்லாத தகவல்."

அந்த வரியைத் தங்கபுஷ்பம் சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.

வாராவாரம் ஒரு கற்றல் குறிப்பு எழுதித் தர வேண்டும். இந்த வாரம் என்ன கற்றேன், அதை என் தொழிலில் எங்கே பயன்படுத்துவேன் என்று அரைப் பக்கம். அவள் எழுதினாள்: 'ஒரு நிறுவனத்தைக் கவிழ்க்க அதன் மெஷினை உடைக்க வேண்டியதில்லை. மெஷினுக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்தால் போதும். என் தொழில் தற்சமயம் பழிவாங்குவது. அங்கே பயன்படுத்துவேன்.' ஹெலன் மிஸ் அதன் கீழே 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். முப்பத்தொரு பேர் குறிப்பையும் படித்துத் திருத்த அவளுக்கென்ன பைத்தியமா? அடுத்த வாரம், 'எச்சில் இலை எடுக்கும் பேச்சியம்மா வீட்டில் மிச்சச் சோறு வருவது நின்று மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் பசி எந்தப் பலகையில் எரிகிறது?' என்று எழுதினாள். அதற்கும் 'நன்று'.

தை மாதம் அண்ணாச்சி மகள் நிவேதாவுக்குக் கல்யாணம் என்று ஊருக்குள் தகவல் வந்தது. தகவல் என்றால் தகவல்தான், அழைப்பு அல்ல. இரண்டாயிரம் போன்களில் அண்ணாச்சி பட்டு வேட்டியோடு தோன்றி, கை குவித்து, 'குடும்பத்துடன் வருக' என்று சொல்லி மறைந்தார். நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது பெரிய இடங்கள் இருபத்தேழை மட்டும். கோயம்புத்தூரிலிருந்து இருபது வியாபாரிகள் வேறு வரப்போகிறார்கள். இலையறியின் துல்லியத்தை மகள் கல்யாணத்திலேயே அவர்களுக்குக் காட்டப்போகிறாராம். சொந்த மகள் கல்யாணத்தில் கடைவிரித்த ஒரே தகப்பன் இவர்தான்.

அந்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் தங்கபுஷ்பம் மிஸ்ஸை நிறுத்தினாள். "போன்ல மட்டும் கூப்பிட்டா ஆளு வருமா வராதான்னு அது எப்படி மிஸ் கண்டுபிடிக்கும்?"

"அது சுலபம் அக்கா. இந்தப் பக்கத்துல நேர்ல அழைக்காத வீடுன்னா நூத்துக்கு மூணு பேர் வந்தா அதிகம். 'நம்ம வாசல்ல வந்து ஒரு சொல்லு சொன்னா என்னவாம்'னு இருந்திருவாங்க. பழைய கல்யாணத்தையெல்லாம் வச்சு அது படிச்சிருக்கு."

தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது. தன் வாழ்நாளில் படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்று தோன்றியது.

கல்யாணத்துக்கு முந்திய நான்கு நாள். தட்டு, குங்குமச் சிமிழ், வெற்றிலை பாக்கு. தவசிமுத்துவுக்கு வெளுத்த வேட்டி கட்டிவிட்டு முன்னால் நடத்தினாள். நூற்றுத் தொண்ணூறு வீடு. அவனுக்கு வேர்த்த அளவு பலியாட்டுக்குக்கூட வேர்த்திருக்காது.

"அண்ணாச்சி எல்லா வீட்டுக்கும் வர முடியல. அவுக சார்பா நாங்க வந்திருக்கோம். குடும்பத்தோட வந்திரணும்."

"உன்னையவா அனுப்புனாரு?" கீழத்தெரு சிவகாமி அத்தைக்கு வாய் மூடவில்லை. "வாளியைக் குடுத்து நிக்கவச்ச மனுசன்லா அவரு?"

"பழசை மறந்தாச்சு அத்தை. ஒண்ணே ஒண்ணு. இதைப் போன்ல யாருகிட்டயும் சொல்லிக்கிடாதீங்க. விட்டுப்போன வீட்டுக்காரங்க சடைப்பாங்க."

"நான் ஏன் சொல்லுதேன்?" என்றாள் அத்தை, நெற்றியில் குங்குமத்தை வைத்துக்கொண்டே.

இலையறிக்குத் தெரியாமல் முந்நூற்றெண்பது வாய். தெருவில் ஒதுங்கிய வாய்கள் அல்ல. குங்குமம் வாங்கிக்கொண்டு, பட்டுப்புடவையை வெளியே எடுத்து, முறையோடு வருகிற வாய்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் முன்னால் அத்தனை பேரும் இலையில்லாமல் நிற்பார்கள். 'என்னய்யா கூப்பிட்டுவச்சுக் கழுத்தறுக்க' என்று அண்ணாச்சி முகத்துக்கு நேரே கேட்பார்கள். தங்கபுஷ்பம் அந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து ஓட்டிப் பார்த்து நான்கு நாளும் நன்றாகத் தூங்கினாள்.

முகூர்த்தம் முடிந்தது. முதல் பந்தி, இரண்டாம் பந்தி. அவள் சாப்பாட்டுக் கூடத்து வாசல் தூணோரம் நின்றாள். மூன்றாவது பந்திக்கு அவள் அழைத்த கூட்டம் இறங்கியது. சிவகாமி அத்தை பேரன் பேத்தியோடு முன்வரிசையைப் பிடித்தாள். இப்போது உள்ளேயிருந்து கூச்சல் வரும் என்று தங்கபுஷ்பம் காதைத் தீட்டினாள்.

வந்தது லட்டு. அப்புறம் வடை. அப்புறம் எல்லாம்.

எச்சில் இலைக் கூடையோடு போன பேச்சியம்மாவை மறித்தாள். "எத்தனை இலை வந்திருக்கு?"

"ஆயிரத்து நானூத்துப் பன்னிரண்டு தாயி. காலையிலயே வந்து எறங்கிட்டே."

இலையறி முதலில் போட்டிருந்தது ஆயிரத்து முப்பத்திரண்டு என்று பேச்சியம்மாவே முந்தின வாரம் சொல்லியிருந்தாள். அதோடு முந்நூற்றெண்பது. சரியாக.

"என்ன தங்கபுஷ்பம், இலை எண்ணுதியா?" பின்னால் அண்ணாச்சி நின்றார். கையில் பலகைபோல ஒரு திரை, முகத்தில் கல்யாணக் களை. "உனக்கு நன்றி சொல்லணும். நான் போக முடியாத வீட்டுக்கெல்லாம் போய் அழைச்சிருக்க."

"எப்படி..." என்றாள் அவள்.

"நீ எறங்குன வீட்டு வாசலைத் தாண்டுமுன்ன பேச ஆரம்பிச்சிட்டாளுவ. சிவகாமி அத்தை மட்டும் பதினேழு போன். 'போன்ல சொல்லாதன்னு சொன்னா, அதான் உன்கிட்ட மட்டும் சொல்லுதேன்'னு பதினேழு பேருகிட்டயும் சொல்லியிருக்கா. யாரு என்ன கலர் சேலை கட்டுதான்னு வரைக்கும் வந்திருச்சு. நீ மூணு வருஷம் படிச்சாலும் இந்த ஊரு வாயைப் படிக்க முடியாதுட்டி."

படிப்பு ஆறு மாதம்தான் என்று திருத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அந்த மெஷினை ஏமாற்றத் திட்டம் போட்டவள், ரகசியத்தைக் கொண்டுபோய்ப் பாளையங்கோட்டைப் பெண்பிள்ளைகளிடம் ஒப்படைத்திருக்கிறாள். பாடப் புத்தகத்தில் இன்னொரு பாடத்துக்கு ஆயிற்று.

அண்ணாச்சி திரையை அவள் பக்கம் திருப்பினார். "உன்னையும் கணக்குல வச்சிருக்கேன், பாரு. விட்டுட்டேன்னு நினைச்சுக்கிடாத."

அவள் பெயர். அதன் நேரே இரண்டே வரி. வருவார். உண்ணமாட்டார்.

"மூணு வருஷத்துல நம்ம கம்பெனி சமைச்ச பதினோரு கல்யாணத்துக்கு வந்திருக்க. ஒண்ணுலயாவது கை நனைச்சியா? பச்சத்தண்ணி குடிச்சியா? உன் வீம்பு எனக்குத் தெரியாட்டியும் அதுக்குத் தெரியும். ஆயிரத்து நானூத்துப் பன்னிரண்டுல உனக்கு இலை இல்லை. நீ நின்னு வேடிக்கை பாரு."

தங்கபுஷ்பம் அந்த இரண்டு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்ணமாட்டார். சத்தியமான வார்த்தை. அந்த ஆள் உப்பைத் தின்பதைவிட மண்ணைத் தின்னலாம் என்று அவள் பதினோரு முறை நினைத்தவள்தான். அவளுடைய ஆத்திரத்தைக்கூட அளந்து, அதில் ஒரு இலையை மிச்சம் பிடித்திருக்கிறான்.

நான்காவது பந்திக்கு இலை விழுந்துகொண்டிருந்தது. அவள் விறுவிறுவென்று நடந்துபோய், மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்தாள். இலையில் தண்ணீரைத் தெளித்தாள்.

அண்ணாச்சி பின்னாலேயே ஓடிவந்தார். குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏய், எந்திரி" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி. பந்தியில உக்காந்தவளை எழுப்புதேன்னு சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கும் கேக்கட்டும்."

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சியின் முகம் ஒரு நொடியில் மலர்ந்தது. "சாப்பிடு தாயி, நல்லாச் சாப்பிடு. கூச்சப்படாத" என்றார்.

அவள் சாப்பிட்டாள். முதல் கவளம் தொண்டையில் நின்றது. மூன்று வருஷத்து வைராக்கியம் லேசில் வழிவிடுமா? பாயசத்தைக் குடித்துத்தான் அதை இறக்க வேண்டியிருந்தது. அவியல் பிரமாதமாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. குறை சொல்லவாவது ஒரு கல் கிடைக்காதா என்று சோற்றைத் துழாவினாள். கிடைக்கவில்லை. அவள் இடத்தில் உட்கார வேண்டியவர் அடுத்த பந்திக்குப் போனார். அங்கே அவரால் ஒருவர் அதற்கடுத்த பந்திக்குப் போனார்.

கடைசியில் குறையப்போவது தன் இலைதான் என்று அண்ணாச்சிக்குப் புரிந்தது. இன்னொரு இலைக்குச் சொல்லி அனுப்பலாம். அனுப்பினால் பலகையில் 'திருத்தம்: ஒன்று' என்று சிவப்பாக விழும், கோயம்புத்தூர்க்காரர்கள் பார்ப்பார்கள். ஒரு வேளை பட்டினி கிடந்தால் செத்தா போய்விடுவோம்? பெண்ணைப் பெற்றவன் உபசரித்துக்கொண்டு நிற்பது வழக்கம்தானே.

கடைசிப் பந்தியில் பொண்ணு மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டார், இருபது வியாபாரிகள். வரிசை முனையில் ஒரு நாற்காலி, அதன் முன்னால் வெறும் மேசை. பரிமாறி முடித்ததும் பலகை பச்சையாக ஒளிர்ந்தது. மிச்சம், பூஜ்யம். வியாபாரிகள் கைதட்டினார்கள்.

சம்பந்தி அம்மாள் மட்டும் இலையில் கை வைக்கவில்லை. "நீங்களும் உக்காருங்க."

"எனக்குப் பசிக்கல மதினி. நீங்க ஆரம்பிங்க."

"பொண்ணைப் பெத்தவுக கை நனைக்காம நாங்க எப்படி நனைக்கது? உக்காருங்க. ஒரு வாய் போதும்."

அந்த அம்மாள் கையை எடுத்ததும் அவள் வீட்டார் அத்தனை பேரும் கையை எடுத்தார்கள். ஒரு வியாபாரி, "அண்ணாச்சிக்கு ஒரு இலை போடச் சொல்லுங்க, அதுல என்னங்க இருக்கு" என்றார் உற்சாகமாக.

அண்ணாச்சி சமையலறைப் பக்கம் பார்த்தார். பேச்சியம்மா அங்கிருந்தே கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "ஒண்ணும் இல்லை அண்ணாச்சி. வழிச்சு, கழுவிக் கவுத்தாச்சு."

நிவேதா தலை குனிந்திருந்தாள். மணக்கோலத்தில் ஒரு பெண்பிள்ளை தன் அப்பாவுக்கு ஒரு பிடி சோறு இல்லாததை இருபது அந்நியர்கள் முன்னால் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று தங்கபுஷ்பத்துக்கு ஒரு கணம் சுருக்கென்றது. ஒரு கணம்தான்.

அவள் வரிசை முனைக்கு வந்தாள். பதினோரு கல்யாணத்திலும் பட்டினி கிடக்க அவளென்ன சாமியாரா? பையிலிருந்து, எப்போதும் கட்டிக்கொண்டுவரும் எவர்சில்வர் டப்பாவை எடுத்து, அண்ணாச்சி முன்னால் வெறும் மேசையில் வைத்துத் திறந்தாள். தயிர்சாதம், ஓரத்தில் நார்த்தங்காய்.

"வீட்டுல கட்டுனது. உக்காருங்க அண்ணாச்சி" என்றாள், சம்பந்தி வீட்டுக்கும் கேட்கும் குரலில். "உங்க கணக்குக்குள்ள வராத சோறு. பலகைக்குத் தெரியாது."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். சம்பந்தி அம்மாளைப் பார்த்தார். அந்தரத்தில் நின்ற கைகளைப் பார்த்தார். உட்கார்ந்தார். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். சம்பந்தி அம்மாள் நிம்மதியாக அப்பளத்தை நொறுக்கினாள். வரிசை முழுக்கச் சாப்பிடத் தொடங்கியது. ஒரு வாயோடு எழுந்துவிடலாம் என்று அவர் நினைத்திருப்பார். தங்கபுஷ்பம் நாற்காலியைப் பிடித்தபடி நின்றுவிட்டாளே, எங்கே எழ? நார்த்தங்காயின் கடைசித் துணுக்கு வரை தின்று தீர்த்தார்.

எதிராளி உப்பைத் தின்றுவிட்டால் பகை கரைந்துபோகும் என்பார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் தின்றாயிற்று. தனக்குள் ஏதாவது கரைகிறதா என்று அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

அண்ணாச்சி காலி டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் அதைத் தொடவில்லை. "கழுவிக் குடுங்க அண்ணாச்சி" என்றாள். "அவசரம் ஒண்ணும் இல்லை, நிக்கேன்."